ப்ரமோஷன்ஸில் கிடந்த நேர்காணல் கடிதம்

வியாழக்கிழமை மாலையில் பெங்களூர் விவேக் நகரில் எந்த வேலையும் சீக்கிரம் நடக்காது. குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டம் தெருவை நிறைத்துவிடும். மெழுகுவர்த்தி விற்பவர்கள், பூ விற்பவர்கள், ஆட்டோவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஆள் இறக்குபவர்கள். அப்படி ஒரு வியாழன் மாலை, பக்கத்து வீட்டுப் பெண் போனைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, மெயில் அனுப்பி நாலு நாளாச்சுன்னு சொல்றாங்க. எனக்கு வரவே இல்ல. நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு இன்டர்வியூவாம்.”

போனை வாங்கிப் பார்த்தேன். ஜிமெயிலின் முதல் பக்கத்தில் இல்லை. ஸ்பேம் என்னும் குப்பைக் கூடையிலும் இல்லை. ப்ரமோஷன்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, விளம்பரங்களுக்கென்று ஒதுக்கியது, அதைத் திறந்தேன். செருப்புத் தள்ளுபடிக்கும் அழகு நிலையச் சலுகைக்கும் நடுவில் கிடந்தது கடிதம். அவள் பெயர், விண்ணப்ப எண், வரவேண்டிய இடம், நேரம் எல்லாம் சரியாக இருந்தன. ஞாயிறு காலையே வந்திருக்கிறது.

அவள் முகத்தில் நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. “இது விளம்பரம்னு அதுக்கு யாருண்ணா சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. அதுதான் இதில் வியப்பு.

ஒட்டாத உறை

பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். நமக்கு வரும் மின்னஞ்சல்களில், நாம் ஏதோ ஒன்று செய்ததால் வருபவை ஒரு வகை. பணம் கட்டினால் ரசீது வருகிறது. டிக்கெட் எடுத்தால் இருக்கை எண் வருகிறது. விண்ணப்பித்தால் பதில் வருகிறது. நம் வினையின் வழியே வருவதால் இவற்றை வினைவழி மடல் என்று அழைக்கலாம். நாம் எதுவும் செய்யாமலேயே, ஏதோ ஒன்றை வாங்கச் சொல்லி வருபவை விற்பனை மடல். இரண்டையும் ஒரே நிறுவனம், ஒரே முகவரியிலிருந்து அனுப்பலாம். இரண்டுக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அதாவது ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைவு.

தபால் துறையில் நிலைமை வேறாக இருந்தது. கல்யாணப் பத்திரிகையை உறையில் போட்டு, வாயை ஒட்டாமல், மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதி அனுப்பியவர்களுக்கு இது நினைவிருக்கும். தபால்தலைச் செலவு குறைவு. உறையை ஒட்டக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: உள்ளே இருப்பது அச்சடித்த தாள்தானா, மறைத்து எழுதிய கடிதமா என்று தபால் ஊழியர் பார்க்க முடிய வேண்டும். அனுப்புபவர் தன் கடிதம் என்ன வகை என்று தானே சொன்னார். சொன்னதைச் சோதிக்க ஒருவர் இருந்தார். பொய் சொன்னால் கூடுதல் கட்டணம். மின்னஞ்சல் பிறந்தபோது இந்த மூன்றில் ஒன்றுமே அதோடு சேர்ந்து பிறக்கவில்லை.

போதாததற்கு, கடிதத்தையும் விளம்பரத்தையும் கலக்கும் பழக்கமும் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. இலவச மின்னஞ்சலை உலகெங்கும் பரப்பிய ஹாட்மெயிலைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சபீர் பாட்டியா பெங்களூரில் வளர்ந்தவர். விவேக் நகரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் செயின்ட் ஜோசப்ஸ் பள்ளியில் படித்தவர். 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயில் தொடங்கியது. நீங்கள் உங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதமாக இருந்தாலும், அதன் அடியில் ‘நீங்களும் இலவசக் கணக்குத் தொடங்கலாம்’ என்ற பொருளில் ஒரு வரி ஒட்டிக்கொண்டு போகும். அந்த ஒரு வரிதான் ஹாட்மெயிலை அவ்வளவு வேகமாக வளர்த்தது. விளம்பரம் சொந்தக் கடிதத்தின் முதுகில் ஏறிப் பயணம் செய்தது.

மனிதர்கள் எழுதாத கடிதங்கள்

உங்கள் மெயில் பெட்டியைத் திறந்து, கடைசியாக வந்த இருபது கடிதங்களைப் பாருங்கள். ஒரு மனிதர் விசைப்பலகை முன் உட்கார்ந்து உங்களுக்கென்று எழுதியது எத்தனை? ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம். மற்றவற்றை எழுதியவை இயந்திரங்கள்.

பெட்டிகள் பிறந்ததற்கு இதுதான் காரணம். கூகுள் 2013ஆம் ஆண்டில் ஜிமெயிலை ப்ரைமரி, சோஷியல், ப்ரமோஷன்ஸ், அப்டேட்ஸ், ஃபோரம்ஸ் என்று ஐந்து பெட்டிகளாகப் பிரித்தது. அடுத்த ஆண்டு, 2014இல், யாஹூ ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வுக்குச் சம்மதித்த பயனர்களுக்கு ஆறு மாதங்களில் வந்த 50,000 கோடிக்கும் மேற்பட்ட மடல்களை வைத்துச் செய்த ஆய்வு அது. பெரும்பாலானவர்கள் தங்கள் கடிதங்களைப் பிரித்து வைக்க ஒரு கோப்புறைகூட உருவாக்குவதில்லை என்பதை அவர்கள் கவனித்தார்கள். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சில பெட்டிகளை மடல்களின் போக்கிலிருந்தே கண்டெடுத்தார்கள்: மனிதர்கள் எழுதியது, வேலை, கடை, பயணம், பணம், சமூக வலைத்தளம். ‘வேலை’ என்பது தனிப் பெட்டி! எங்கள் தெருப் பெண்ணுக்கு அன்று தேவைப்பட்டது அதுதான்.

இயந்திரம் எழுதும் கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. அது வார்ப்பில் ஊற்றிய இட்லி போல. ஒரு லட்சம் பேருக்குப் போகும் ரசீதில் பெயரும் தொகையும் மட்டும் மாறும். மற்ற எல்லாம் ஒன்றே. மெயில் நிறுவனத்தின் வாசல் வழியாக அந்த லட்சமும் நுழைவதால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மாறாத வார்ப்பு தெரிந்துவிடும். உங்களுக்கு வந்த கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாதது, லட்சம் கடிதங்களுக்கு நடுவில் வைத்ததும் புலப்படுகிறது.

கண்டக்டரின் கண்

வியாழக்கிழமை விவேக் நகர் வழியாகப் போகும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். அனுபவமுள்ள கண்டக்டர், ஆலயத்தில் இறங்கப்போகிறவர் யார், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் யார் என்று டிக்கெட் கேட்பதற்கு முன்பே ஊகித்துவிடுவார். கையில் பூமாலை இருக்கிறது. குடும்பத்தோடு ஏறியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்கள்; ஊருக்குப் புதியவர்கள். பூமாலை வீட்டுப் படத்துக்காகவும் இருக்கலாம், குடும்பம் உறவினர் வீட்டுக்கும் போகலாம். தனித்தனியாக எதுவும் உறுதி இல்லை. சேர்ந்து வரும்போது சந்தேகம் குறைகிறது.

மெயில் இயந்திரமும் இப்படித்தான் தடயங்களைச் சேர்க்கிறது. கடிதத்தின் சொற்கள் அதில் ஒரு பங்குதான். நம் கண்ணுக்குத் தெரியாத தலைப்பு வரிகள் ஒவ்வொரு கடிதத்திலும் உண்டு: எந்தக் கணினியிலிருந்து புறப்பட்டது, எந்த மென்பொருள் அனுப்பியது, சிலவற்றில் பட்டியலிலிருந்து பெயரை நீக்க எங்கே போகவேண்டும் என்பன போன்றவை. இந்தப் ‘பெயர் நீக்க’ வரி 1998இலேயே இணைய விதிகளில் இடம்பிடித்தது. படங்கள் எத்தனை, இணைப்புகள் எத்தனை, ஒரே நிமிடத்தில் எத்தனை பேருக்குப் போகிறது என்பவையும் தடயங்கள். கனமான தடயம் ஒன்று கடிதத்துக்கு வெளியே இருக்கிறது: இதே முகவரியிலிருந்து முன்பு வந்தவற்றை மக்கள் என்ன செய்தார்கள்? திறந்தார்களா, பதில் எழுதினார்களா, திறக்காமலே அழித்தார்களா?

நூறு புளியங்கொட்டை

இப்போது அந்த நேர்காணல் கடிதத்தையே எடுத்துக்கொண்டு, இயந்திரம் போட்டிருக்கக்கூடிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூறு புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றும் இயந்திரம் எழுதிய ஒரு பழைய கடிதம். அது என்ன வகை என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். அறுபது விற்பனை மடல், நாற்பது வினைவழி மடல் என்று வைத்துக்கொள்வோம். எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கின் போக்குதான் முக்கியம்.

முதல் தடயம்: நம் கடிதத்தில் பெயர் நீக்க வரி இருக்கிறது. அந்த வரி இல்லாத கொட்டைகளை ஒதுக்கிவிடுங்கள். விற்பனைப் பக்கம் அறுபதில் ஐம்பத்தேழு நிற்கின்றன. வினைவழிப் பக்கம் நாற்பதில் எட்டுதான் மிச்சம். ஐம்பத்தேழுக்கு எட்டு: விளம்பரமாகவே இருக்கும் என்று ஏழு மடங்கு நம்பலாம்.

இரண்டாவது தடயம்: ‘உங்கள் விண்ணப்ப எண்’ என்று ஒரு வரியும் அதன் பின்னால் ஓர் எண்ணும் இருக்கின்றன. விற்பனை மடல்களில் இப்படி இருப்பது அபூர்வம்; ஐம்பத்தேழில் மூன்றுதான் தேறுகின்றன. வினைவழிப் பக்கத்து எட்டில் ஆறு நிற்கின்றன. இப்போது மூன்றுக்கு ஆறு. தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது! இங்கேயே நிறுத்தியிருந்தால் கடிதம் சரியான பெட்டிக்குப் போயிருக்கும்.

ஆனால் மூன்றாவது தடயம் ஒன்று இருந்தது. அந்த நிறுவனம் ஆள் எடுப்பதோடு பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. வாரத்துக்கு மூன்று முறை ‘கட்டணத்தில் பாதித் தள்ளுபடி’ என்று எழுதும். எல்லாம் ஒரே முகவரியிலிருந்து. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் திறப்பதே இல்லை. அப்படிப்பட்ட முகவரியிலிருந்து வந்தவற்றை மட்டும் நிறுத்திப் பார்த்தால், விற்பனைப் பக்கத்து மூன்றும் அப்படியே நிற்கின்றன. வினைவழிப் பக்கத்து ஆறில் ஒன்றுதான் மிஞ்சுகிறது, ஏனென்றால் ரசீதும் பதிலும் அனுப்பும் முகவரிகளை மக்கள் பொதுவாகத் திறந்து பார்ப்பார்கள். மூன்றுக்கு ஒன்று. கடிதம் ப்ரமோஷன்ஸுக்குப் போனது.

கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அனுப்பியவரின் பழைய கடிதங்கள் அதைக் கீழே இழுத்துவிட்டன.

கொட்டை தீர்ந்துபோனால்

தரையில் இப்போது எத்தனை கொட்டை இருக்கிறது? நான்கு. இன்னும் ஒரு தடயத்தைக் கேட்டால் ஒன்று மிஞ்சும், அல்லது ஒன்றுமே மிஞ்சாது. நூறு கொட்டைக்குப் பதில் நூறு கோடி வைத்தாலும் இதே கதிதான். தடயங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், எல்லாத் தடயமும் அப்படியே பொருந்தும் பழைய கடிதம் ஒன்றுகூடக் கிடைக்காது. இதைக் கடக்க ஓர் அழகான வழி இருக்கிறது. ஒவ்வொரு தடயத்தையும் தனியாக, முழு நூறையும் வைத்து எடைபோட வேண்டும்.

பெயர் நீக்க வரி: விற்பனையில் அறுபதுக்கு ஐம்பத்தேழு, வினைவழியில் நாற்பதுக்கு எட்டு. விகிதத்தில் பார்த்தால் விற்பனைப் பக்கம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. விண்ணப்ப எண்: விற்பனையில் அறுபதுக்கு மூன்று, வினைவழியில் நாற்பதுக்கு முப்பது; வினைவழிப் பக்கம் பதினைந்து மடங்கு. திறக்கப்படாத முகவரி: விற்பனையில் அறுபதுக்கு ஐம்பத்துநான்கு, வினைவழியில் நாற்பதுக்கு ஆறு, விற்பனைப் பக்கம் ஆறு மடங்கு.

இனி வாய்க்கணக்கு. எதையும் பார்ப்பதற்கு முன் அறுபதுக்கு நாற்பது, அதாவது ஒன்றரை. ஐந்தால் பெருக்க ஏழரை. எதிர்ப்பக்கம் இழுக்கும் பதினைந்தால் வகுக்க அரை. ஆறால் பெருக்க மூன்று. கொட்டைகளைத் தள்ளித் தள்ளி வந்த அதே மூன்று, ஒரு கொட்டையைக்கூட இழக்காமல்.

தடயங்கள் வரவர ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகும் இந்த முறைக்கு வித்திட்டவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1763இல்தான் அவருடைய கட்டுரை வெளிவந்தது. குப்பை மெயிலைப் பிடிக்க இதையே பயன்படுத்தலாம் என்று 2002இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை நிரலாளர்களிடையே பரவிய பிறகு, மெயில் வடிகட்டிகளின் போக்கே மாறியது. இன்றைய இயந்திரங்கள் இன்னும் சிக்கலானவை. தடயங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதையும் கணக்கில் எடுத்து, தவறு நேரும்போதெல்லாம் எடைகளைத் தாமே திருத்திக்கொள்கின்றன. ஆனால் அடியில் ஓடுவது இந்தப் புளியங்கொட்டைக் கணக்கின் உணர்வுதான்.

மூன்றுக்கு ஒன்று என்றால் ப்ரமோஷன்ஸுக்குத் தள்ளலாம் என்று முடிவு செய்தது மட்டும் கணக்கு அல்ல. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு விளம்பரம் தவறிப்போய் முதல் பெட்டிக்கு வந்தால் எனக்கு ஒரு விநாடி நஷ்டம். ஒரு நேர்காணல் கடிதம் தவறிப்போய் விளம்பரப் பெட்டிக்குப் போனால் ஒரு குடும்பத்துக்கு வேலை நஷ்டம். இரண்டும் சமமான தவறுகள் அல்ல. யாஹூ ஆய்வின் துல்லியம் 90 சதவீதத்தை நெருங்கியது. மிகப் பெரிய சாதனைதான். ஆனாலும் பத்தில் ஒன்று எங்கே போய் விழுகிறது என்பதை யோசித்துத்தான் கோடு கிழிக்க வேண்டும். மூன்றுக்கு ஒன்றிலா, முப்பதுக்கு ஒன்றிலா? அந்தக் கோட்டைக் கிழிப்பவர்கள் மனிதர்கள்.

முகவரியின் நற்பெயர்

முகவரிக்கு நற்பெயர் உண்டு என்றால், அந்த முகவரியை யாரும் திருடிவிடக் கூடாது. என் பெயரில் இன்னொருவர் கடிதம் போட்டால் கெட்ட பெயர் எனக்கு. இதைத் தடுக்க டிகிம் என்ற முறை வந்தது: அனுப்பும் நிறுவனம் கடிதத்தின் மேல் கணித முத்திரை ஒன்றைக் குத்துகிறது, வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் முத்திரை குத்தியே ஆக வேண்டும். விற்பனை மடலில் ஒரே தட்டலில் விலகும் வசதி வைக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் வருவது ஆயிரத்துக்கு மூன்றைத் தொடக் கூடாது. வினைவழி மடலுக்கு அந்த விலகும் வசதி தேவையில்லை. வங்கி ரசீதிலிருந்து விலகி எங்கே போவது!

அப்படியானால் அனுப்புகிறவர் செய்ய வேண்டியது தெளிவு: இரண்டு வகை மடலுக்கும் இரண்டு தனி வழி. சென்னையில் தலைமையகம் கொண்ட ஸோஹோ இதைத் தன் சேவைகளிலேயே பிரித்து வைத்திருக்கிறது. விற்பனை மடலுக்கு ஸோஹோ கேம்பெயின்ஸ். வினைவழி மடலுக்கு மட்டும் ஸெப்டோமெயில், அதில் விளம்பரம் அனுப்ப அனுமதி இல்லை. ஒரு குடத்தில் பாலும் மண்ணெண்ணெயும் மாற்றி மாற்றி ஊற்றினால் பால் எப்படி நாறாமல் இருக்கும்? அந்தப் பெண்ணுக்கு எழுதிய நிறுவனம் ஒரே குடத்தைத்தான் வைத்திருந்தது.

எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் ஏன் முடிந்தது

இதே சிக்கலை இந்தியா குறுஞ்செய்தியில் வேறு விதமாகத் தீர்க்கப் பார்த்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும், அனுப்பப்போகும் வாசகத்தின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2025ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. உங்கள் போனை எடுத்துப் பார்த்தால் தெரியும். புக் போஸ்ட் உறையின் நேரடி வாரிசு இது: அனுப்புநர் சொல்ல வேண்டும், நடுவில் ஒருவர் சோதிக்க வேண்டும்.

மின்னஞ்சலில் ஏன் இது நடக்கவில்லை? குறுஞ்செய்தி ஒரு சில தொலைபேசி நிறுவனங்களின் வாசலைத் தாண்டித்தான் வர முடியும். வாசலில் நின்று கேட்கலாம். மின்னஞ்சலுக்கு அப்படிப் பொதுவான வாசல் இல்லை. உலகின் எந்த மூலையிலிருந்தும் எவர் வேண்டுமானாலும் ஒரு கணினியை வைத்து அனுப்பலாம். அந்தத் திறந்த தன்மைதான் மின்னஞ்சலின் பெருமை. அதற்காகத்தான் வாசலுக்குப் பதில் ஊகத்தைக் கையில் எடுத்தோம். எனக்கு அந்தத் திறந்த தன்மை பிடிக்கும். அதற்குக் கொடுக்க வேண்டிய விலைதான் அடுத்த வீட்டில் வந்து நின்றது.

இழுத்துப் போட்டபின்

2010இல் ஜிமெயிலில் ‘முக்கியமானவை முதலில்’ என்ற வசதியைக் கொண்டுவந்த பொறியாளர்கள், அது இயங்கும் விதத்தை ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான எடைகள் ஒரு தொகுதி; ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சிறு திருத்தத் தொகுதி; இரண்டையும் கூட்டித்தான் தீர்ப்பு. ஊரே திறக்காத கடிதத்தை நீங்கள் மட்டும் தினமும் திறந்தால், உங்கள் திருத்தம் ஊரின் எடையை வெல்லும்.

இதை அவளுக்குச் சொல்லி, கணினியில் அந்தக் கடிதத்தை ப்ரமோஷன்ஸிலிருந்து ப்ரைமரிக்கு இழுத்துப் போடச் சொன்னேன். இனி இந்த முகவரியிலிருந்து வருவதையெல்லாம் இங்கேயே போடட்டுமா என்று ஜிமெயில் கேட்டது. ஆமாம் என்று தட்டினாள். மறுநாள் காலை எட்டு மணிக்கே கிளம்பிப் போனாள்.

பத்து நாள் கழித்துப் பணி நியமனக் கடிதம் வந்தது, ப்ரைமரியில், எல்லாவற்றுக்கும் மேலாக. அதற்கு நேர் கீழே, அதே முகவரியிலிருந்து, பயிற்சிக் கட்டணத்தில் பாதித் தள்ளுபடி என்று இன்னொன்றும் இருந்தது.